அவுட்போர்ட் அலாரம் விடாமல் கத்துகிறது: ஒயரைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படகோடு சேர்த்துப் பழையதாக வாங்கிய 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட், அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின். மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங் ஜெட்டியிலிருந்து பெர்ணம் ஆற்றில் கிளம்பினால் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் அலாரம் நீளமாக, விடாமல் கத்துகிறது. எஞ்சினும் தானாக வேகம் குறைந்துவிடுகிறது. அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிறது, மறுபடி ஓட்டினால் மறுபடி அதே தொல்லை. எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் வெளியே வரும் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் நன்றாகவே பீய்ச்சுகிறது. மெக்கானிக் இம்பெல்லரை (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) மாற்றினார், போன வாரம் தெர்மோஸ்டாட்டையும் (சூடேறினால் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) மாற்றினார். இன்னும் நின்றபாடில்லை. "சென்சார்தான் கெட்டிருக்கும், பஸர் ஒயரைக் கழற்றிப் போடு" என்று ஜெட்டியில் சொல்கிறார்கள், கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இதே படகில் கழிமுகம் வரை மீன் பிடிக்கப் போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு: இந்த அலாரத்தை நம்புவதா வேண்டாமா, நம்பினால், அது எதைப் பற்றிச் சொல்கிறது.

ஒயரைக் கழற்ற வேண்டாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான அவுட்போர்ட்களில் சூட்டுக்கு ஒரு சென்சார், ஆயில் அழுத்தத்துக்கு ஒரு சென்சார் என்று தனித்தனியாக இருந்தாலும், கத்துவது ஒரே பஸர்தான். சூட்டு அலாரம் பொய் சொல்கிறது என்று நினைத்து பஸர் ஒயரைக் கழற்றினால், ஆயில் அழுத்தம் விழுந்தாலும் இனி சத்தம் வராது. சூடு ஏறினால் எஞ்சின் சில நிமிடமாவது தாங்கும். ஆயில் அழுத்தம் போய்விட்டால் பேரிங் தாங்காது, நேரம் கொடுக்காது. அதோடு, எஞ்சினின் வேகத்தைத் தானாகக் குறைப்பது பஸர் அல்ல. அது எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் வேலை. பஸர் ஒயரைக் கழற்றினாலும் வேகம் குறைவது குறையத்தான் செய்யும். உங்கள் அப்பாவுக்கு ஏன் குறைகிறது என்று தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

தோட்டத்து வேக்‌ஷாப்பில் டிராக்டரும் தண்ணீர் பம்பும் பழுது பார்த்துப் பழகி, பிறகு பல வருடமாக ஆற்றோரத்தில் மீனவர்களின் அவுட்போர்ட் பார்த்து வருகிறேன். இந்த மாதிரி கேஸில் மறுபடி மறுபடி நடப்பது ஒன்று. அலாரம் என்றாலே சூடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இம்பெல்லர், அப்புறம் தெர்மோஸ்டாட், அப்புறம் சென்சார், அப்புறம் எஞ்சினைத் தலைமுழுகு என்று வரிசையாகப் போகிறது. எந்த சென்சார் கத்தவைக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, இம்பெல்லரில் ஆரம்பித்தது சரியான ஆரம்பம்தான். ஆனால் இரண்டு பாகம் மாற்றியும் நிலைமை அப்படியே இருக்கிறது என்றால், மூன்றாவது பாகம் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டிய நேரம் இது.

நீங்கள் சொன்ன அறிகுறியில் ஒரு விஷயம் உறுதி. அலாரம் எஞ்சின் சூடான பிறகுதான் வருகிறது, ஆறினால் போகிறது. சாவியைத் திருப்பியதுமே, எஞ்சின் ஓடுவதற்கு முன்பே கத்தியிருந்தால், சென்சார் ஒயர் எங்காவது உரசி இரும்பில் படுகிறது என்று சொல்லியிருப்பேன். சூட்டு சென்சாராக வேலை செய்யும் ஸ்விட்ச் குளிர்ந்திருக்கும்போது திறந்திருக்கும், சூடேறினால் மூடி ஒயரை எர்த் செய்யும். ஒயரின் தோல் தேய்ந்து எஞ்சின் உடம்பில் பட்டாலும் அதே விளைவுதான். யமஹாவில் இந்த ஒயர் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும், பார்த்தாலே தெரியும். உங்களுடையது அப்படிக் கத்தவில்லை. சாவி போட்டதும் ஒரு சின்ன பீப் வந்து நின்றால் அது சுயபரிசோதனை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விதமான அலாரம் உண்டு, உங்கள் பிரச்சினை அவை இரண்டும் அல்ல என்று ஓரளவு தைரியமாகவே சொல்லலாம். ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். சுஸுகியின் பல நாலு ஸ்ட்ரோக் மாடல்களில் ஆயில் மாற்றச் சொல்லும் நினைவூட்டல் இருக்கிறது: முதலில் 20 மணி நேர ஓட்டத்தில், அடுத்து 80, பிறகு ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது இரட்டை இரட்டையாக பீப் வரும். ஆயிலை மாற்றிவிட்டு ரீசெட் செய்ய மறந்தால் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும். சாவியை ஆன் செய்து, அவசர நிறுத்த ஸ்விட்சின் தகட்டைக் கழற்றி, அதன் குமிழைப் பத்து விநாடிக்குள் மூன்று முறை வெளியே இழுத்தால் போய்விடும். இன்னொன்று பெட்ரோலில் தண்ணீர். யமஹாவின் சில மாடல்களில் ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்தால், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரும்போது மட்டும் விட்டு விட்டு பீப் வரும். உங்களுடையது விடாமல் கத்துகிறது, வேகமும் விழுகிறது. அப்படியானால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலைக்குப் போகிறது. கம்பெனியைப் பொறுத்து நிமிடத்துக்கு 2000 முதல் 3000 சுற்றுக்குள் கட்டிப் போட்டுவிடும். அந்த நிலைக்குப் பொதுவாக இரண்டே காரணம்: அளவுக்கு மீறிய சூடு, அல்லது குறைந்த ஆயில் அழுத்தம்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். இரண்டுமே எஞ்சின் சூடான பிறகுதான் தலை காட்டும். சூடு ஏற நேரம் எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆயிலும் அப்படித்தான். குளிர்ந்த ஆயில் கெட்டி, அழுத்தம் நிற்கும். பத்து நிமிடம் ஓடி ஆயில் தண்ணீராக இளகியதும் அழுத்தம் விழும், ஸ்விட்ச் கத்தும். அணைத்து அரை மணி நேரம் போட்டால் ஆயில் ஆறிக் கெட்டியாகும், அலாரம் போய்விடும். நீங்கள் எழுதிய கதை இரண்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. எதுவென்று நான் இங்கிருந்தபடி சொல்ல முடியாது, எழுத்தில் வந்த அறிகுறியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் செலவில்லாத காரியம், ஆயில் குச்சி. எஞ்சினை நேராக நிமிர்த்தி வைத்து, அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, குச்சியைத் துடைத்துச் செருகி எடுங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அளவு பொய் காட்டும், ஆகவே நேராக என்பது முக்கியம். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அது மோசமான செய்தி. குச்சி நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை பளிச்சென்று அடித்தால், ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது, ஆயில் நீர்த்துப்போய்விட்டது. விரல் நடுவே ஒரு துளி வைத்துத் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரி நழுவும். பால் கலந்த நிறமாக இருந்தால் தண்ணீர் கலக்கிறது. அது வேறு பிரச்சினை, அந்த நிலையில் எஞ்சினை மேலும் ஓட்டவே வேண்டாம்.

பெட்ரோல் எப்படி ஆயிலுக்குள் போகும் என்பது நம் ஊர் ஓட்டத்தோடு சம்பந்தப்பட்டது. தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாக மணிக்கணக்கில் ஓடினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது; எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இறங்கும். கார்புரேட்டர் வைத்த நாலு ஸ்ட்ரோக்கில், கேம் தட்டி ஓடும் பெட்ரோல் பம்பின் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் நேராக ஆயிலுக்குள் கசியும். மூன்றாவது காரணம் நாமே உண்டாக்குவது. சூட்டு அலாரம் வருகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் ஜெட்டிகளில் நிறைய உண்டு. அப்போது எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், ஆயிலில் பெட்ரோல் சேரும், சில மாதத்தில் ஆயில் அலாரம் வரும். ஒரு அலாரத்தை வாயடைத்து இன்னொன்றை வரவழைத்த கதை. உங்கள் எஞ்சினின் பழைய முதலாளி அப்படி ஓட்டியிருக்க வாய்ப்பு இருக்கிறது. தெர்மோஸ்டாட் மாற்றியபோது பழையது உள்ளே இருந்ததா, இல்லை இடம் காலியாக இருந்ததா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அந்த ஒரு பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஆயில் மாற்றிய தேதி தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள், ஃபில்டரோடு சேர்த்து. எப்படியும் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலைதான். எஃப்.சி.-டபிள்யூ என்று முத்திரை உள்ள நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் ஆயில், கையேட்டில் சொன்ன கிரேடு; பெரும்பாலும் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 ஆக இருக்கும். ஸ்டோரில் மிச்சம் இருக்கிறது என்று டிராக்டர் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் உப்புத் தண்ணீரின் துருவைத் தாங்க வேண்டிய சேர்க்கை இல்லை. புது ஆயில் போட்ட பிறகு அலாரம் காணாமல் போய், சில வாரத்தில் மறுபடி வந்தால், பெட்ரோல் கலப்பு இன்னும் நடக்கிறது என்று பொருள்.

இனி சூடு. இதற்கு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். துப்பாக்கி மாதிரி பிடித்துச் சிவப்புப் புள்ளி அடிக்குமே, அதுதான். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், அடுத்த இம்பெல்லரைவிட உருப்படியான செலவு. பளபளப்பான அலுமினியத்தில் இது தப்பான எண் காட்டும். அதனால் சிலிண்டர் ஹெட்டில், ஒவ்வொரு சிலிண்டருக்கு நேராகவும், சூட்டு சென்சாருக்குப் பக்கத்திலும், நகத்தளவு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பில் புள்ளி விழும்படி, கிட்டே பிடித்து அளக்க வேண்டும். சோதனையை ஆற்றில்தான் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் குழாய்த் தண்ணீரைக் காது (உறிஞ்சும் துளைகளின்மேல் மாட்டும் ரப்பர் மூடி) போட்டு ஊட்டி ஓட்டினால் அலாரம் வராது. சுத்தமான, குளிர்ந்த, அழுத்தத்தோடு வரும் தண்ணீர், எஞ்சினுக்குச் சுமையும் இல்லை. அதை வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்ட எஞ்சின்கள் நிறைய.

ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் மூடியைக் கழற்றி அளக்கட்டும். மேலே ஃப்ளைவீல் மூடியில்லாமல் சுற்றும், தோளில் துண்டு, கழுத்தில் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கூடாது. சும்மா நிற்கும்போது ஒருமுறை, பாதி வேகத்தில் ஒருமுறை, அலாரம் கத்தத் தொடங்கியதும் உடனே ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். இந்த அளவு எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 50 முதல் 60 பாகை செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும், அதன் மேலேயே எண் பொறித்திருக்கும். ஆகவே ஹெட்டில் 60, 70 என்று காட்டினால் அது சாதாரணம். சூட்டு ஸ்விட்ச் மூடுவது அதற்கு ரொம்ப மேலே, பல மாடல்களில் 80களில். அலாரம் கத்தும் நேரத்தில் சென்சார் பக்கம் 65 காட்டுகிறது என்றால் சூடு நிஜம் இல்லை: ஒன்று ஸ்விட்ச் கெட்டிருக்கிறது, அல்லது கத்தவைப்பது ஆயில். 90க்கு மேல் காட்டினால் சூடு நிஜம், அலாரம் உண்மையைத்தான் சொல்கிறது. இடைப்பட்ட 75, 80 வந்தால் அதை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன், கையேட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15, 20 பாகை அதிகம் காட்டினால் அந்த இடத்துத் தண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் கசியும் சிலிண்டரின் பிளக் மற்றதைவிடக் கழுவிவிட்டது போல் சுத்தமாக இருக்கும்.

"ஆனால் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறதே" என்று கேட்பீர்கள். அந்தத் தண்ணீரை எல்லாரும் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அது வந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பல எஞ்சின்களில் அந்தத் துளைக்குப் போகும் குழாய் தண்ணீர்ப் பாதையின் நடுவிலேயே பிரிந்துவிடுகிறது. ஹெட்டுக்குள் இருக்கும் சந்து பொந்தெல்லாம் அடைத்திருந்தாலும் வெளியே ஜோராகப் பீய்ச்சும். கையை நீட்டித் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, கை வைக்க முடியாமல் சுட்டாலோ ஆவி வந்தாலோ உள்ளே பிரச்சினை. நேர்மாறாகவும் நடக்கும்: தண்ணீரே வராமல் இருக்கும், எஞ்சின் நன்றாக இருக்கும், துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் சரி.

பெர்ணம் ஆறு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில்தான் ஓடுகிறது. அந்த நிறமெல்லாம் மண். ஏற்றமும் வற்றமும் மாறி மாறி அதைக் கலக்கிவிடும், கழிமுகத்தில் சேறு இன்னும் மோசம். வற்றத்தில் ஆழம் குறைந்த இடத்தில் ஓட்டும்போது எஞ்சின் உறிஞ்சுவது பாதித் தண்ணீர் பாதிச் சேறு. இம்பெல்லர் ரப்பர் தேய்வது மட்டுமல்ல. அது சுற்றும் உலோகக் கிண்ணமும் அடித்தட்டும் கீறல் விழுந்து தேய்கின்றன. கிண்ணத்தை மாற்றாமல் இம்பெல்லரை மட்டும் மாற்றினால் தண்ணீர் வரும், ஆனால் அழுத்தம் வராது. உங்கள் மெக்கானிக் எதையெல்லாம் மாற்றினார் என்று கேளுங்கள். பழைய இம்பெல்லர் இன்னும் இருந்தால் வாங்கிப் பாருங்கள். அதில் ஒரு இதழாவது முறிந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டு ஆவியாகிவிடவில்லை. மேலே போகும் தண்ணீர்க் குழாயிலோ, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலோ சிக்கிக்கொண்டு இருக்கிறது. கீழ்க்காலை (பம்பும் ப்ரொப்பெல்லரும் உள்ள அடிப்பகுதி) மறுபடி மாட்டும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வளையத்தில் சரியாக உட்காரவில்லை என்றாலும் இதே தொல்லை வரும். வேலை முடிந்த மறுநாளே அலாரம் அதிகமாகியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புது தெர்மோஸ்டாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கழற்றி எடுத்து, அதன் வால்வின் நடுவே ஒரு நூலைச் செருகி, அந்த நூலிலேயே தொங்கவிட்டு ஒரு சட்டித் தண்ணீரில் இறக்குங்கள். சட்டியின் அடியில் படக் கூடாது. பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று. அடுப்பைச் சின்னதாக வைத்துத் தண்ணீரைக் கலக்கிவிட்டுக்கொண்டே பாருங்கள். வால்வு திறக்கும் நொடியில் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் டப்பென்று சட்டியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டும் எண் அதன்மேல் பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பாகம் நல்லது. தண்ணீர் கொதிக்கும்வரை விழவே இல்லை என்றால் புதியதே கெட்டது. இணையத்தில் மலிவாக வரும் போலிப் பாகங்களில் இது நடக்கத்தான் செய்கிறது. சூட்டு ஸ்விட்சையும் அதே சட்டியில் சோதிக்கலாம்: மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் மாட்டி, நுனி மட்டும் தண்ணீரில் இருக்கும்படி பிடியுங்கள். குளிர்ந்த நிலையிலேயே இணைப்பு காட்டினால், அல்லது 60 பாகையிலேயே காட்டினால், ஸ்விட்ச் போய்விட்டது. ஜெட்டியில் சொன்னது சரி, ஆனால் அப்போதும் செய்ய வேண்டியது புது ஸ்விட்ச் போடுவது. ஒன்று மட்டும் கவனம், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள புதிய மாடல்களில் ஸ்விட்சுக்குப் பதிலாக வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார் இருக்கும். அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது, கையேட்டின் மின்தடை அட்டவணை வேண்டும். ஓடும்போது அதைக் கழற்றினாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு கோளாறு என்று குழம்பிவிடும்.

ஆயில் அழுத்தத்தை உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆயில் ஸ்விட்சைக் கழற்றி அந்த மரையில் ஒரு கேஜ் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. கார் வேக்‌ஷாப்பில் இருக்கும் சாதாரண ஆயில் கேஜ் போதும். ஜப்பானிய எஞ்சின்களில் பெரும்பாலும் 1/8 அங்குல டேப்பர் மரைதான். யமஹாவின் பல மாடல்களில் ஸ்விட்ச் கத்தும் எல்லை சுமார் 50 கிலோபாஸ்கல், அதாவது 7 பி.எஸ்.ஐ. சூடான எஞ்சின், சும்மா நிற்கும் வேகம், கேஜ் அதற்கு நன்றாக மேலே நிற்கிறது, ஆனாலும் அலாரம் ஆயில் ஸ்விட்சிலிருந்துதான் வருகிறது என்றால் ஸ்விட்ச் கெட்டது. புது ஆயில் போட்டும் கேஜே விழுகிறது என்றால் பேரிங் தேய்மானமோ ஆயில் பம்போ. அது எஞ்சினைப் பிரிக்கும் வேலை, ஆற்றங்கரை வேலை இல்லை. அந்த நிலையில் பழைய எஞ்சினுக்குச் செலவு செய்வது தகுமா என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊகம் என்று தெரிந்தே படியுங்கள். பழையதாக வாங்கியது, சேற்று ஆறு, நல்ல தண்ணீரில் கழுவினார்களா என்று தெரியாது, பம்பும் தெர்மோஸ்டாட்டும் புதியவை. சூடு நிஜம் என்று தெர்மாமீட்டர் சொன்னால், ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் மூடிக்குப் பின்னாலும் தண்ணீர் ஓடும் அறைகளில் உப்பும் சேறும் இறுகி உட்கார்ந்திருக்கும் என்பதுதான் என் முதல் சந்தேகம். உப்புப் படிவை அதற்கென்று விற்கும் கரைப்பான் கரைக்கும்; வாளியில் கலந்து சுற்றோட்டம் விடுவார்கள். சேற்றை எந்தக் கரைப்பானும் கரைக்காது. மூடியைத் திறந்து, மரக்குச்சியோ பிளாஸ்டிக் கம்பியோ விட்டுக் குடைந்து, தண்ணீர் அடித்துத்தான் வெளியேற்ற வேண்டும். அந்த போல்ட்டுகள் உப்பில் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பலத்தைக் காட்டினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். சூடு காட்டி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் அசைத்து அசைத்துப் பொறுமையாகக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இது மட்டும் நீங்களே முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவினால் மறுபடி இந்த நிலைக்கு வர வெகுகாலம் ஆகும்.

இதெல்லாம் தெரியும்வரை உங்கள் அப்பா கழிமுகத்துக்குப் போக வேண்டாம். வற்றத்தில் எஞ்சின் நின்றால் சேற்றில் தரைதட்டி அடுத்த ஏற்றம்வரை உட்கார வேண்டியிருக்கும், இருட்டிவிட்டால் வலைப் படகுகள் கண்ணுக்கு இவர் தெரிய மாட்டார். சோதனைக்காக ஆற்றில் போகும்போதும் உயிர்காப்பு ஜாக்கெட், நங்கூரம், துடுப்பு, இன்னொரு ஆள் இருக்கட்டும். அலாரம் வந்ததும் முதலில் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றாலோ, பேனலில் ஆயில் விளக்கு எரிந்தாலோ அந்த நொடியே அணைத்துவிடுங்கள். தண்ணீர் வராவிட்டால் எஞ்சினைத் தூக்கி, கீழ்க்காலின் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; நம் ஆற்றில் பாதி நேரம் அதுதான். சூடான எஞ்சின்மேல் வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டாம், தானாக ஆறட்டும்.

சோதனை முடிந்ததும் மூன்று நிலையில் எடுத்த வெப்ப எண்கள், ஆயில் குச்சியின் அளவும் வாசனையும், தெர்மோஸ்டாட் இருந்த இடம் காலியாக இருந்ததா என்ற விவரம் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். பேனலில் தனித்தனி விளக்குகள் இருந்தால் எது எரிகிறது என்பதையும் சேருங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. படகோடு எஞ்சினைப் பிடித்திருக்கும் கிளாம்ப் பிராக்கெட்டில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும், அதிலுள்ள மாடல் எழுத்துகளை அப்படியே எழுதுங்கள். கையேட்டு எண்களோடு ஒப்பிட்டு அடுத்து எதைத் திறப்பது என்று சொல்கிறேன்.